நாலூரானுக்கும் வேண்டிய ஆழ்வான்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மனிதன் தன் வாழ்நாளில் எடுக்கும் முடிவுகளுள் எதையேனும் உண்மையாகவே தீயது என்று சொல்லிவிட முடியுமா? நடந்தவை எல்லாம் நன்மைக்கே, தவறான முடிவு என்று ஒன்று கிடையாது, எல்லாம் பாடமே என்று சொல்வது இக்காலத்தில் பெருவழக்காகிவிட்டது. நாம் வாழும் முள்ளிப்பட்டு ஆரணியை அடுத்த பட்டு நெசவாளர் ஊர். இங்கே தறியை விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்துப் பெங்களூருக்கு அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். தறியை விடமாட்டோம் என்று பிடித்துக்கொண்டு கடனோடு நிற்பவர்களும் இருக்கிறார்கள். மாலையில் திண்ணையில் அமர்ந்தால் இருசாராரும் கேட்பது ஒரே கேள்விதான்: அன்று எடுத்த முடிவு சரிதானா? வங்கியில் பல்லாண்டுகள் கடன் மனுக்களோடு காலம் கழித்த நமக்கு இக்கேள்வி பழகியதே. ஆயினும் இதற்கு நிறைவான விடையைப் பேரேடுகளில் நாம் கண்டதில்லை. நம் பூர்வாசார்யர்களுள் ஒருவரான கூரத்தாழ்வானின் சரித்திரத்தை ஆழ்ந்து ஸேவித்தால் அவ்விடை கிடைக்கிறது.

ஆரணியிலிருந்து செய்யாறு வழியாகக் காஞ்சி சென்று, அங்கிருந்து சிறிது தொலைவு போனால் கூரம். அவ்வூரில் 1010ஆம் ஆண்டு, தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் ஆழ்வான் அவதரித்தார் என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. திருமறுமார்பன் என்றும் ஸ்ரீவத்ஸாங்கர் என்றும் திருநாமம். 1017இல் அவதரித்த எம்பெருமானாரைவிட வயதில் மூத்தவர். மூத்தவராக இருந்தும் இளையவரின் திருவடிகளில் சிஷ்யராக விழுந்தார். அவர் எடுத்த பெரிய முடிவுகளுள் இதுவே முதலாவது. கல்வியும் செல்வமும் குலப்பெருமையும் நிறைந்த ஒருவருக்கு இது எளிதான காரியமன்று. இம்மூன்றும் இருந்தும் இவற்றால் வரும் செருக்கு அவரிடம் அணுகவில்லை என்றே நம் பெரியோர்கள் ஆழ்வானைக் கொண்டாடுவர்.

கூரத்தில் அவருடைய மாளிகையில் வந்தவர்க்கெல்லாம் பகல் முழுதும் அன்னமும் பொருளும் வழங்கப்பட்டன. இரவில் மாளிகையின் பெருங்கதவுகளைச் சாத்தும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவிக்கு எட்டியதாம். அது என்ன ஓசை என்று தாயார் வினவ, பேரருளாளன் ஆழ்வானின் வள்ளன்மையை எடுத்துச் சொன்னான் என்றும், திருக்கச்சி நம்பிகள் வாயிலாக இது ஆழ்வானுக்குத் தெரியவந்தது என்றும் வைபவம் சொல்லும். வேறொருவராயின் பூரித்துப் போயிருப்பர். ஆழ்வானோ, தம் செல்வத்தின் ஓசை திவ்ய தம்பதிகளின் ஏகாந்தத்தைக் கலைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டதே என்று நடுங்கினார். அனைத்தையும் துறந்து, தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கத்தை நோக்கிப் புறப்பட்டார். வழியில் காட்டைக் கடக்கையில் ஆண்டாள் அச்சமுற்றார். மடியில் ஏதேனும் இருந்தாலன்றோ பயம் வரும் என்று ஆழ்வான் வினவ, அவர் நீர் பருகுவதற்காகப் பொன்வட்டில் ஒன்றைக் கொண்டுவந்ததை ஆண்டாள் தெரிவித்தார். அதை வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு ஆழ்வான் நடையைத் தொடர்ந்தார்.

திருவரங்கத்தில் உஞ்சவ்ருத்தியே ஜீவனம். ஒருநாள் மழையினால் பிக்ஷைக்குச் செல்ல இயலவில்லை, தம்பதிகள் பட்டினி. இரவில் பெரிய பெருமாளுக்கு அரவணை அமுது செய்யப்பண்ணும் மணியோசை கேட்டது. ஆழ்வான் பட்டினியாயிருக்கத் தேவரீர் அமுது செய்கிறீரோ என்று ஆண்டாள் திருவுள்ளத்தில் ஓர் எண்ணம் ஓடிற்று. சற்று நேரத்தில் அரவணை ப்ரஸாதம் மேளதாளத்தோடு திருமாளிகைக்கு வந்து சேர்ந்தது. அதில் இரண்டு திரளைகளை மட்டும் ஏற்றார் ஆழ்வான். அந்த ப்ரஸாதத்தின் பலனாகவே பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் அவதரித்தனர் என்பர். ஈட்டு வ்யாக்யானத்தை வாசிப்பவர்களுக்கு ஆழ்வானும் பட்டரும் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படுவார்கள். கூரத்து மாளிகையைத் துறந்த முடிவு இல்லையேல் அந்தத் திருவரங்கத்து வீடு இல்லை.

ஆழ்வானின் இன்னொரு முடிவு எழுதுகோலைப் பற்றியது. போதாயன வ்ருத்தியை நாடி எம்பெருமானாரோடு காச்மீரம் சென்று, அந்நூலை உள்ளத்தில் பதித்துக்கொண்டு வந்தவர் அவரே. ஸ்ரீபாஷ்யத்தை எம்பெருமானார் அருளிச்செய்ய, ஆழ்வான் ஏட்டில் எழுதி வந்தார். தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசார்யர் இட்ட கட்டளை. ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தை விளக்கும் இடத்தில் அறியும் தன்மையே ஸ்வரூபம் என்பதாக வாக்கியம் வந்தது. எம்பெருமானுக்கே உரியவன் என்ற சேஷத்வத்தைச் சொல்லாமல் ஜீவனின் ஸ்வரூபம் நிறைவு பெறாது என்பது ஆழ்வானின் துணிபு. எழுதும் கை நின்றது. எம்பெருமானார் வெகுண்டு, அப்படியாயின் நீரே பாஷ்யம் செய்யலாமே என்று கடிந்துகொண்டார். ஆழ்வான் அதற்கு வருந்தவில்லை; உடைமையை உடையவன் எப்படியும் கையாளலாம் என்று இருந்தார். பின்னர் எம்பெருமானாரே ஆராய்ந்து, ஆழ்வான் நின்ற இடம் சரியென்று கண்டு வாக்கியத்தைத் திருத்தி அருளினார்.

இனி வருவது இச்சரித்திரத்தின் நடுநாயகமான பகுதி. சோழ மன்னன் ஒருவன், தன் தெய்வத்துக்கு மேற்பட்ட பரம்பொருள் இல்லை என்று வித்வான்களிடம் கையொப்பம் வாங்கத் தொடங்கினான். அவனை நம் நூல்கள் க்ருமிகண்ட சோழன் என்று குறிக்கும். அவனுடைய சபையில் நாலூரான் என்ற அமைச்சன் இருந்தான். ஆழ்வானோடு சிஷ்ய ஸம்பந்தம் உடையவன் அவன் என்றே வைபவம் சொல்கிறது. ஊரார் ஆயிரம் பேர் கையொப்பம் இட்டு என்ன பயன், ராமாநுஜர் கையொப்பம் அன்றோ வேண்டும் என்று அரசனுக்கு எடுத்துக்கொடுத்தவன் அவனே. அரச சேவகர்கள் திருவரங்கத்து மடத்துக்கு வந்தபோது எம்பெருமானார் நீராட எழுந்தருளியிருந்தார். ஆழ்வான் எவரையும் கேட்கவில்லை. ஆசார்யருடைய காஷாயத்தை உடுத்து, த்ரிதண்டத்தை ஏந்தித் தாமே ராமாநுஜராகப் புறப்பட்டுவிட்டார். முதியவரான பெரிய நம்பிகளும் அவர் திருமகளார் அத்துழாயும் உடன் சென்றனர். செய்தி அறிந்த எம்பெருமானார், சிஷ்யர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, ஆழ்வானின் வெள்ளை வஸ்த்ரத்தை உடுத்து மேற்கு நோக்கி எழுந்தருளினார்.

சோழனின் சபையில் ஆழ்வான் கையொப்பமிட இசையவில்லை. பெரிய நம்பிகளும் இசையவில்லை. இருவர் கண்களையும் பறிக்க அரசன் ஆணையிட்டான். அப்படிப்பட்டவனைக் கண்ட கண்கள் தமக்கு வேண்டா என்று ஆழ்வான் தம் கண்களைத் தாமே களைந்தார். பெரிய நம்பிகள் பசுபதிகோயில் வரை வந்து, அங்கேயே திருநாடு அலங்கரித்தார். விரைந்து திருவரங்கம் சென்றுவிடலாம் என்று அத்துழாய் மன்றாடியும் அவர் இசையவில்லை. சரணாகதனின் அந்திம தசைக்கு இன்ன இடம் வேண்டும் என்று உலகம் தவறாக எண்ணிவிடலாகாது என்பதே காரணம். உயிர் பிரியும் நேரத்திலும் பின்வருபவர்களுக்காக ஒரு முடிவை எடுத்தவர் அவர்.

கண்ணிழந்த ஆழ்வான் திருவரங்கம் மீண்டார். பெரிய பெருமாள் ஸந்நிதியில் காவல் கடுமையாக இருந்தது. ராமாநுஜரின் தொடர்புடையார் எவரையும் உள்ளே விடலாகாது என்பது கட்டளை. காவலர்களுள் ஒருவன் தடுக்க, மற்றொருவனோ, ஆழ்வான் யாவர்க்கும் நல்லவர், அவரை விடலாம் என்றான். ஆழ்வான் வாசலில் நின்று யோசித்தார். தம்மிடம் நற்குணம் இருப்பதாகச் சொல்லி உள்ளே விடுகிறார்கள். எம்பெருமானாரின் ஸம்பந்தத்தை விலக்கிவைத்தால்தான் அந்த வழி திறக்கிறது. அத்தகைய பகவத் ஸேவை தமக்கு வேண்டா என்று திரும்பி, குடும்பத்தோடு திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளினார். அங்கே அழகரைக் குறித்து ஸுந்தரபாஹு ஸ்தவம் அவதரித்தது.

இதுவரை சொன்ன முடிவுகளை உலகின் துலாக்கோலில் நிறுத்திப் பார்ப்போம். செல்வத்தைத் துறந்தார், பலன் பட்டினி. எழுதுகோலை நிறுத்தினார், பலன் ஆசார்யரின் சீற்றம். காஷாயத்தை உடுத்தார், பலன் கண்ணிழப்பு. ஸந்நிதி வாசலில் திரும்பினார். பலன் அரங்கனைப் பிரிந்த பன்னீராண்டுகள். எதிர்ப்புறம் நாலூரானைப் பாருங்கள். அவன் எடுத்த முடிவுக்கு அரசனின் ஆதரவு கிடைத்தது. விளைவைக் கொண்டு அளந்தால் ஆழ்வான் எடுத்தவை எல்லாம் தீயவை, நாலூரான் எடுத்தது நல்லது என்றாகிவிடும். நம் ஸம்ப்ரதாயத்தில் ஒருவரும் அப்படிக் கணக்கிட்டதில்லை. வங்கியிலும் இந்தத் தெளிவு ஓரளவு உண்டு. முறையாக ஆராய்ந்து வழங்கிய கடனும் மழை பொய்த்தால் வாராமற் போகும். முறையின்றி வழங்கிய கடனும் ஏதோ காரணத்தால் வசூலாகிவிடும். நல்ல தணிக்கையாளர் கடன் திரும்பியதா என்பதோடு நில்லாமல், வழங்கியபோது எதை எண்ணி வழங்கினார்கள் என்று கோப்பைப் புரட்டுவார். ஆழ்வானின் கோப்பைப் புரட்டினால் ஒவ்வொரு பக்கத்திலும் ஆசார்ய கைங்கர்யம் ஒன்றே இருக்கிறது. ஆகவே இழப்பில் முடிந்த முடிவுகளைத் தீயவை என்று சொல்ல இடமில்லை.

அப்படியானால் நாலூரான் எடுத்ததும் தீயதில்லையோ? இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். நாலூரான் அவ்வாறு சொல்லியிராவிட்டால் எம்பெருமானார் மேல்நாடு எழுந்தருளியிருக்க மாட்டார். தொண்டனூரில் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் அவரை அடைந்திருக்க மாட்டான். திருநாராயணபுரமும் செல்வப்பிள்ளையும் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள். அங்கே திருக்குலத்தார்க்குக் கோயிற்பேறு வாய்த்திராது. ஸுந்தரபாஹு ஸ்தவமும் இல்லை. இவ்வளவு நன்மை விளைந்தபின் அவன் செய்ததைத் தீயது என்பானேன் என்று வாதிப்பவர் உண்டு. இவ்வாதம் கேட்க இனிது; ஆனால் பிழையானது. தள்ளுபடி செய்யப்பட்ட வாராக்கடன் பின்னாளில் வசூலானால், அதைக் கடனாளியின் கணக்கில் வரவு வைப்பதில்லை. வாராக்கடன் மீட்பு என்ற தனிக் கணக்கில் வரவு வைத்து இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டுசெல்வது வணிகவியல் படித்தவர் யாவரும் அறிந்த முறை. மேல்கோட்டையில் விளைந்த நன்மை எம்பெருமானாரின் க்ருபைக்கு வரவு. அதை நாலூரானின் பெயரில் எழுதினால் ஏடு பொய்யாகிவிடும். அவனுடைய பெயரில் இருப்பது இரண்டு பாகவதர்களின் நான்கு கண்கள்.

பாகவத அபசாரத்தின் கொடுமையை நம் பெரியோர்கள் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார்கள். அம்பரீஷனிடம் அபசாரப்பட்ட துர்வாஸர் சக்கரத்தாழ்வானுக்கு அஞ்சி உலகெங்கும் ஓடி, கடைசியில் எம்பெருமானையே சரணடைந்தார். எம்பெருமானும் தன்னால் ஆகாது என்று சொல்லி, அம்பரீஷனிடமே போகும்படி அனுப்பினான். தனக்குச் செய்த பிழையை அவன் பொறுப்பான். தன் அடியாருக்குச் செய்ததைப் பொறுக்கும் உரிமையை அவ்வடியாரிடமே விட்டுவைத்திருக்கிறான். நாலூரானின் வழக்கும் அத்தகையதே. அவனுக்காகப் பேசும் உரிமை இருந்தது புண்பட்டவர்க்கே. பெரிய நம்பிகள் பரமபதத்தில் இருந்தார். இவ்வுலகில் இருந்தவர் ஆழ்வான்.

சோழன் மாண்டபின் எம்பெருமானார் திருவரங்கம் திரும்பினார். கண்ணற்ற ஆழ்வானைக் கண்டு, தம்மால் அன்றோ இந்த நிலை நேர்ந்தது என்று கதறினார். ஆழ்வான் மறுத்தார். ஒரு ஸ்ரீவைஷ்ணவரின் திருமண்காப்பு சற்றுக் கோணலாயிருப்பதாகத் தாம் எப்போதேனும் எண்ணியிருக்கக்கூடும். அந்த அபசாரத்தின் பலனே இது என்றார். சோழனையோ நாலூரானையோ அவர் குறிப்பிடவில்லை. தம் இழப்புக்கான காரணத்தைப் பிறர் ஏட்டில் தேடாதவர் அவர்.

எம்பெருமானார் அவரைக் காஞ்சிக்கு அழைத்துச் சென்று, பேரருளாளனைத் துதித்துக் கண்களை வேண்டும்படி நியமித்தார். ஆழ்வானுக்கு மாம்ஸக் கண்ணில் விருப்பமில்லை. எனினும் ஆசார்யரின் ஆணையை மீற இயலாமல் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பித்தார். வரதன் உகந்து, வேண்டியதைக் கேட்கலாம் என்றான். அப்போது ஆழ்வான் கேட்டது நாலூரானுக்காக. தாம் பெறும் பேற்றை அவனும் பெறவேண்டும் என்பதே அவர் வேண்டிய வரம். வரதனும் தந்தருளினான். தாம் எண்ணி வந்தது நிறைவேறவில்லையே என்று எம்பெருமானார் முதலில் வருந்தினார் என்றும், பின்னர் வரதனையும் எம்பெருமானாரையும் மட்டும் காணும் பார்வை ஆழ்வானுக்கு அருளப்பட்டது என்றும் சொல்வர்.

ஆழ்வான் நாலூரானின் செயலை நல்லதென்று சொல்லவில்லை என்பதை இங்கே நோக்க வேண்டும். நல்லதாயிருந்தால் அவனுக்காக வரம் கேட்க வேண்டியதே இல்லை. தீயது என்று அறிந்ததனாலேயே, அதன் பலன் அவனைத் தொடராமலிருக்கத் தம் பேற்றையே ஈடாக வைத்தார். தம்மோடு ஸம்பந்தம் பெற்ற ஒருவன் கெட்டுப்போனான் என்றால் அந்த ஸம்பந்தத்துக்கே குறை என்று அவர் கருதினார். அசோகவனத்தில் தன்னைத் துன்புறுத்திய அரக்கியரை அனுமன் தண்டிக்க முற்பட்டபோது பிராட்டி அவர்களைக் காத்தாள். சரணடைந்த விபீஷணனைக் காத்த பெருமாளின் கோஷ்டியைவிடச் சரணடையாதவர்களையும் காத்த அந்தக் கருணை பெரிது என்ற கருத்தை ஸ்ரீகுணரத்நகோசத்தில் வைத்தவர் பராசர பட்டர். அவர் ஆழ்வானின் திருமகனார். பிராட்டியின் அந்தப் பொறுமையைத் தம் திருத்தகப்பனாரிடம் கண்ணெதிரே கண்டவர் அவர் என்பதை நினைத்தால் அந்த ச்லோகம் இன்னும் இனிக்கும்.

நம் கேள்விக்கு இதுவே விடை என்று தோன்றுகிறது. தீய முடிவு என்று ஒன்று உண்டு. இழப்பில் முடிவதனால் ஒரு முடிவு தீயதாகிவிடாது. பிறருடைய கண்களைப் பறிப்பதனால் அது தீயதாகிறது. தறியை விற்றவரும் விற்காதவரும் பிள்ளைகளின் நன்மையையும் பெரியோரின் தொழிலையும் எண்ணியே முடிவெடுத்தார்கள். கையில் மிஞ்சியது எவ்வளவாயினும் அம்முடிவுகளுக்காக அவர்கள் தலை குனிய வேண்டியதில்லை. ஆனால் நம் முடிவினால் இன்னொருவர் புண்பட்டிருந்தால், எல்லாம் நன்மைக்கே என்ற வார்த்தை நம் வாயில் வரத்தகாது. துர்வாஸரைப்போல அவருடைய வாசலுக்கே நாம் செல்ல வேண்டும். ஒருவேளை புண்பட்டவர் நாமாயிருந்தால், எம்பெருமானும் தன் கையில் வைத்துக்கொள்ளாத ஓர் உரிமை நம் கையில் இருக்கிறது. தறியில் பாவு இழை அறுந்தால் நெசவாளர் அதை முடிந்து மேலே நெய்கிறார். முடிச்சு முடிச்சாகவே இருக்கும், புடவை நின்றுபோவதில்லை. முடிந்துவிடும் கை எவருடையது என்பதே முக்கியம்.

ஆழ்வானின் கடைசி முடிவையும் சொல்லி நிறைவு செய்வோம். நம்பெருமாள் ஒருநாள் வரம் அருள, ஆழ்வான் மோக்ஷத்தை வேண்டிப் பெற்றார். எம்பெருமானார் மனமுடைந்து, தமக்கு முன்னே போக எண்ணியது ஏன் என்று வினவினார். பரமபதத்துக்கு வருபவர்களை முன்னே சென்றவர்கள் எதிர்கொண்டு அழைப்பது வழக்கம். ஆசார்யர் எழுந்தருளும்போது எதிர்கொண்டு ஸேவிக்கச் சிஷ்யன் அங்கே இருக்க வேண்டாமோ என்பது ஆழ்வானின் விண்ணப்பம். வயதில் இளையவரின் திருவடிகளில் விழுந்து தொடங்கிய வாழ்வு, அவரை வரவேற்க முன்னே செல்வதில் நிறைந்தது. கூரத்தில் ஆதிகேசவப் பெருமாள் ஸந்நிதியில் இன்றும் ஆழ்வான் எழுந்தருளியிருக்கிறார். காஞ்சிக்கு வரும் அன்பர்கள் பேரருளாளனை ஸேவித்தபின் கூரத்துக்கும் ஒருமுறை சென்று, தம்மைப் புண்படுத்தியவர் ஒருவரின் பெயரை அங்கே விண்ணப்பித்து வரலாம்.

ஆழ்வான் திருவடிகளே சரணம்.